பெயருக்குள் ஒரு புதைபடிவம்

மாணவர்களே! பாறையில் பதிந்த எலும்பு பழங்காலத்தைக் காட்டுவதுபோல, ஒரு பெயரின் முதலெழுத்தும் காட்டக்கூடும் என்பதை அறிவீர்களா?

அயர்லாந்தின் கிளேர், லிமரிக் மாவட்டங்களில் 'லைசாட்' என்ற அரிய குடும்பப் பெயர் உண்டு. அதன் பழைய ஐரிஷ் வடிவம் 'மாக் கில்லா ஈசக்தா'. மாக் என்றால் மகன். கில்லா என்றால் இளைஞன். ஈசக்தா என்பது அயலைக் குறிக்கும். ஆக, 'அயல் இளைஞனின் மகன்' என்பது பொருள். ஆங்கிலேயர் ஆட்சியில் பல குடும்பங்கள் 'மாக்' என்ற முன்னொட்டை விட்டுவிட்டன. 'கில்லா'வும் தேய்ந்து லகர ஒலி மட்டும் மிஞ்சியது. லைசாட்டின் முதலெழுத்து அதுதான்!

1832இல் கார்க் மாவட்டத்தில் பிறந்த ஜான் லைசாட், 1857இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் தொழிலைத் தொடங்கினார். நெளிதகடுகளோடு அப்பெயரும் கப்பலேறி ஆஸ்திரேலியக் கூரைகளை அடைந்தது.

1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது. பல நூற்றாண்டு ஏடுகள் சாம்பலாயின. அதனால் பெயர்களே சான்றுகளாயின. அவற்றை ஆராய்ந்து நூல்கள் எழுதியவர், 1943இல் வம்சாவளி அலுவலகத் தலைவரான எட்வர்ட் மாக்லைசாட் (1887–1986). லைசாட்டாகப் பிறந்து, உதிர்ந்த 'மாக்'கை மீண்டும் சேர்த்துக்கொண்டவர் அவர்!