‘தாய்மொழி’ கட்டத்துல என்ன எழுதினீங்க, சார்?

கம்பெனி லெட்டர் வந்தாச்சு. விசா வந்தாச்சு. ஊறுகாய் பாட்டில் ஒழுகாமல் இருக்க மூன்று பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டியாச்சு. மாமனார் வேன் வைத்துக்கொண்டு ஏர்போர்ட் வரை வந்து கையசைத்தாச்சு. இத்தனையையும் கச்சிதமாக முடித்த மனிதர், வெளிநாட்டில் போய் இறங்கிய பத்தாம் நாள் ஒரு சாதாரண ஃபாரத்தில் கோட்டை விட்டார்.

குழந்தையின் ஸ்கூல் அட்மிஷன் ஃபாரம். அதில் ஒரு கட்டம்: ‘தாய்மொழி?’

நண்பர் கும்பகோணத்துக்காரர். சாஃப்ட்வேர். மனைவி, நாலரை வயசுப் பெண்ணோடு லக்ஸம்பர்க் போனவர். யோசிக்கவே யோசிக்காமல் ‘இங்கிலீஷ்’ என்று எழுதிவிட்டார். “தமிழ்னு எழுதினா சீட்டு இல்லேன்னுடுவாங்களோன்னு பயம்ப்பா... கொஞ்சம் பந்தாவும்தான்” என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தை ஆறு மாசம் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு லெட்டர் வரலாம். அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடுவோம்.

நீலகிரி சைஸ் நாடு

லக்ஸம்பர்க் மொத்தமே 2,586 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய நம் நீலகிரி மாவட்டம்! ஆனால் மொழிக்குப் பஞ்சமில்லை. 1984-ல் வந்த சட்டப்படி லக்ஸம்பர்கிஷ் தேசிய மொழி. அதோடு பிரெஞ்சும் ஜெர்மனும் அரசு அலுவல்களில் புழங்குகின்றன. ஜனத்தொகையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள்.

செப்டம்பர் முதல் தேதிக்குள் நாலு வயசு முடிந்துவிட்டால் ஸ்கூல் கட்டாயம். “பாட்டி வீட்டுல இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமே” எல்லாம் நடக்காது. எந்த ஸ்கூல் என்பதில்தான் சாய்ஸ்.

ஒன்று: ஊர் அரசுப் பள்ளி. சின்ன வகுப்பில் லக்ஸம்பர்கிஷ் பேச்சு. எழுதப் படிக்க வழக்கமாக ஜெர்மன். பிறகு பிரெஞ்சு. குழந்தை சின்னது, பல வருஷம் தங்கப் போகிறீர்கள் என்றால் நல்ல வழி.

இரண்டு: தனியார் இங்கிலீஷ் மீடியம். படிப்பு பிரமாதம், ஃபீஸ் அதைவிட பிரமாதம். கம்பெனி கட்டுமா என்பதை ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம் கேட்டால் ஹெச்.ஆர். மேடம் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்.

மூன்று: ‘ஐரோப்பியப் பள்ளி’. ஐரோப்பிய யூனியன் அலுவலர்களின் பிள்ளைகளுக்கு முதலிடம், ஃபீஸ் இல்லை. மற்றவர்களுக்கு இடம் மிஞ்சினால்தான், அதுவும் ஃபீஸோடு.

நாலாவதுதான் நம் ஆட்கள் பலருக்குத் தெரியாதது. 2016-ல் லக்ஸம்பர்க் அரசே டிஃபெர்டாஞ்ச் என்ற ஊரில் ஐரோப்பியப் பாடத்திட்டத்தோடு ஒரு சர்வதேசப் பள்ளியைத் திறந்தது. இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன் பிரிவுகள் உண்டு. ஃபீஸ் கிடையாது! பிறகு மோண்டோர்ஃப், யுங்லின்ஸ்டர் என்று வேறு ஊர்களுக்கும் இந்த ஏற்பாடு பரவியது. வீடு பார்க்கும் முன்பே இந்தப் பள்ளிகளில் இடம் விசாரிக்க வேண்டும். நம் நண்பர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஸ்கூல் தேடினார். நல்லவேளை, 2020 மார்ச்சிலிருந்து அந்த நாட்டில் பஸ், ரயில், டிராம் எதற்கும் டிக்கெட் கிடையாது. அலைச்சலாவது இலவசம்!

சண்டைக்காரன் வீட்டுப் பிள்ளைகள்

இந்த ஐரோப்பியப் பாடத்திட்டம் பிறந்த கதை சுவாரஸ்யமானது. இரண்டாம் உலகப் போர் முடிந்தது 1945-ல். எட்டே வருஷம் கழித்து, 1953 அக்டோபரில், லக்ஸம்பர்க்கில் இதன் முதல் பள்ளி தொடங்கியது. ஆரம்பித்தவர்கள் நிலக்கரி, எஃகு சமூகத்தின் அலுவலர்கள். அதாவது, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி உட்பட ஆறு நாடுகளிலிருந்து வேலைக்கு வந்த, நம்மைப் போன்ற ஆபீஸ் ஆசாமிகள்! அவர்களுக்கும் அதே கவலைதான்: ‘வேலை கிடைச்சாச்சு, பையனை எங்கே சேர்க்கறது?’

எட்டு வருஷத்துக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட நாடுகளின் பிள்ளைகள் ஒரே கட்டடத்தில் பென்சில் கடன் வாங்கினார்கள். அவர்கள் வகுத்த முறை இன்றும் நடக்கிறது. அடிப்படைப் பாடமெல்லாம் ‘முதல் மொழி’யில். ஆறு வயசில், ஒன்றாம் வகுப்பிலேயே ‘இரண்டாம் மொழி’. பதினொரு வயசு வாக்கில் மூன்றாவது.

பதிமூன்று வயசு வாக்கில்தான் விஷயமே. அப்போதிலிருந்து சரித்திரமும் பூகோளமும் இரண்டாம் மொழியில்! ஜெர்மன் பையன் தன் தேசத்துச் சரித்திரத்தைப் பிரெஞ்சில் படிக்க நேரலாம். நம் பக்கத்துக் கதையை எதிர்வீட்டுக்காரன் பாஷையில் படித்தால், கொஞ்சம் நியாயமாகத்தானே படிப்போம்?

பெற்றோருக்கு இதில் ஒரு பாடம். இரண்டாம் மொழி என்பது ஏதோ ஒரு பீரியட் அல்ல. ஆறு வயசில் டிக் அடிப்பது பதிமூன்று வயசில் சரித்திரப் பரீட்சையாக வந்து நிற்கும். ஆற அமர யோசித்து டிக் அடியுங்கள்.

பேசாத பாப்பா

நண்பர் கதைக்கு வருவோம். ஃபாரத்தில் ‘இங்கிலீஷ்’ என்று இருந்ததால், டீச்சர் பாப்பாவை இங்கிலீஷ்காரக் குழந்தையாகவே நினைத்துக்கொண்டார். புது மொழிக் குழந்தைகளுக்குத் தரும் தனி உதவி வகுப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை. பாப்பா பேசவில்லை. ஒரு மாசம், இரண்டு மாசம், ஐந்து மாசம்... வகுப்பில் ஒரு வார்த்தை கிடையாது. காது டெஸ்ட் செய்யச் சொன்னார்கள். காது நன்றாகக் கேட்டது.

நண்பர் பயந்துபோய் வீட்டில் ஊரடங்கு போட்டார். “இனிமே யாரும் தமிழ் பேசக் கூடாது. ஒன்லி இங்கிலீஷ்!” மனைவி, “அப்ப நானும் மௌன விரதமா?” என்று கேட்டார். பாப்பா வீட்டிலும் பேச்சைக் குறைத்தாள். ஊரிலிருந்து வீடியோ காலில் பாட்டி, “என் கண்ணு ஏண்டா வாயே திறக்க மாட்டேங்கறா?” என்று அழுதார்.

ஒருநாள் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். மூலையில் பாப்பா ஒரு பொம்மையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். “அழாதே... அப்பா சாயங்காலம் வந்துடுவார். அழக் கூடாது...”

“இது என்ன மொழி?” என்றார் டீச்சர்.

“தமிழ்.”

“ஃபாரத்தில் வேறு எழுதியிருக்கிறதே?”

நண்பருக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கே ஃபாரம் திருத்தப்பட்டது. டீச்சர் சொன்ன வைத்தியம் ஒன்றே ஒன்று: “நீங்கள் எந்த மொழியில் கோபப்படுகிறீர்களோ, கொஞ்சுகிறீர்களோ, அந்த மொழியிலேயே வீட்டில் பேசுங்கள். இங்கிலீஷ் எங்கள் பொறுப்பு.”

புது மொழிக்குள் போகும் குழந்தை சில வாரமோ பல மாதமோ வாயை மூடிக்கொண்டு கேட்பது சகஜம். வீட்டில் தமிழில் வாயாடினால் பெரும்பாலும் கவலை வேண்டாம். தன் சொந்த மொழியிலும் பேச்சு வரவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்று. விளையாட்டுப் பேச்சு சீக்கிரம் வந்துவிடும். பாடம் எழுதும் அளவு மொழி வர வருஷக்கணக்காகும். டொரண்டோ பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். முதல் வகைக்குச் சுமார் இரண்டு வருஷம், அடுத்ததற்கு ஐந்து முதல் ஏழு வருஷம் என்பது அவர் கணக்கு. வீட்டு மொழி பலமாக இருந்தால் புது மொழி அதன் தோளில் ஏறிக்கொள்ளும் என்பதும் அவர் கட்சி. ‘பையன் பொளந்து கட்டறான்’ என்று ஒரே வருஷத்தில் உதவி வகுப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கிளம்பும் முன் பத்து நிமிஷம்

* பிறப்புச் சான்றிதழில் ‘அபோஸ்தில்’ முத்திரையை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். தடுப்பூசி அட்டை, பழைய ரிப்போர்ட் கார்டு எல்லாம் கைப்பையில். பெரிய பெட்டி தாமதமாக வரலாம்.

* ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் தட்டில் மீன் வரலாம். “இறைச்சி, மீன், முட்டை வேண்டாம்” என்று பிரித்து எழுதிக் கொடுங்கள்.

* கடலைமிட்டாய் கொடுத்தனுப்பும் முன் விசாரியுங்கள். அலர்ஜிக்குப் பயந்து பல பள்ளிகளில் வேர்க்கடலைக்குத் தடா.

* மழை பெய்தாலும் வெளியே விளையாட விடுவார்கள். ரெயின்கோட், பூட்ஸ், உள்ளே போட தனி செருப்பு வாங்குங்கள். “சளி பிடிக்குமே” என்று லெட்டர் எழுதாதீர்கள்.

* பெற்றோர் கூட்டத்தில் “என்ன ரேங்க்?” என்று கேட்காதீர்கள். “யாரோடு விளையாடுகிறாள்?” என்று கேளுங்கள். மொழி வருகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

* பள்ளி நாளில் ஊருக்குப் போக லீவு கிடைப்பது கஷ்டம். எழுதி அனுமதி வாங்க வேண்டும். பெரிய லீவு ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. எனவே மச்சினன் கல்யாணத்தைத் தையில் வைக்காமல் ஆவணி முகூர்த்தம் பார்க்கச் சொல்லுங்கள்!

பாப்பா? ஃபாரம் திருத்தி நாலு மாசத்தில் வகுப்பில் வாயைத் திறந்தாள். அப்புறம் மூடவே இல்லை. இப்போது ஒன்பது வயசு. பேக்கரியில் அப்பாவின் பிரெஞ்சைத் திருத்துகிறாள். பாட்டியோடு தமிழில் சண்டை போடுகிறாள்.

போன வருஷம் அவள் தம்பிக்கு நாலு வயசு முடிந்தது. மறுபடி ஃபாரம். மறுபடி அதே கட்டம். அப்பா பேனாவை எடுப்பதற்குள் பாப்பா பிடுங்கி, தமிழிலேயே ‘தமிழ்’ என்று எழுதிவிட்டாளாம். ஆபீஸ் அம்மாள் அந்த ‘ழ்’-ஐ வெகு நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

“அழகா இருக்கே... இது என்ன பூ?”