தலைமையகம் எங்கே? நிறுவன இடப்பெயர்வு, வரி, நாட்டுப்பற்று: ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

பெருநிறுவனம் ஒன்று தன் தலைமையகத்தை வேறு நாட்டிற்கு மாற்றும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. வளர்த்த நாட்டை மறந்து வரிக்கு அஞ்சி ஓடுகிறது என்பது ஒரு குரல். சட்டம் இடந்தருகிறது, வணிகம் இலாபத்தையே நாடும் என்பது மற்றொரு குரல். இவ்விரு குரல்களும் அடிப்படையான ஒரு வினாவைக் கடந்து சென்றுவிடுகின்றன. தலைமையகம் என்று நாம் எதனைக் குறிக்கிறோம்? பதிவு செய்யப்பட்ட முகவரியையா? முடிவுகள் எடுக்கப்படும் இடத்தையா? உழைப்பு நிகழும் இடத்தையா?

இவ்வினாவை எழுப்புவதற்கு ஜெலுத்தோங் பொருத்தமான இடமாகும். பழைய துறைமுக நகரான ஜோர்ஜ்டவுனுக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கும் இடையில், பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் அது அமைந்துள்ளது. அதற்கு வடக்கே நகரத்தார் கிட்டங்கிகள் அமைந்த பினாங்குத் தெரு. தெற்கே மின்னணுத் தொழிற்சாலைகள். இரண்டும் வெவ்வேறு காலத்தவை. எனினும் இரண்டிலும் உழைப்பு இங்கே நிகழ, தலைமை வேறெங்கோ இருந்தது. இவ்வொற்றுமையை முன்வைத்து, வரி குறித்தும் பற்று குறித்தும் நிகழும் விவாதத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரத்தார் கடைகளும் வரிச் சட்டமும்

தலைமையகமும் வரியும் குறித்த சிக்கல் தமிழர்க்குப் புதிதன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டிக்கடைகளை நடத்தினர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். ஏஜெண்டு மூன்றாண்டுக் கணக்கில் கடல்கடந்து வந்து கடையை நடத்துவார். பணம் புழங்கிய இடம் பினாங்கு. பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட இடம் செட்டிநாட்டு வீடு.

பிரிட்டிஷ் இந்திய அரசு இவ்வருவாயின்மீது கண்வைத்தது. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வணிகத்தின் இலாபம் ஈட்டப்பட்ட மூன்றாண்டுகளுக்குள் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டால்தான் அதற்கு வரி உண்டு. 1939ஆம் ஆண்டுத் திருத்தம் இந்நிலையை மாற்றியது. இந்தியாவில் வசிப்பவர் என்று கருதப்படுவோரின் வெளிநாட்டு வருவாய், அது நாட்டுக்குள் வராவிட்டாலும், வரிக்குரியதாயிற்று. அதன்பின் ‘வசிப்பவர் யார்?’ என்பதே பெரும் வழக்காயிற்று.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1950ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சுப்பையா செட்டியார் வழக்காகும். குடும்பத் தலைவர் மனைவி மக்களுடன் கொழும்பில் வாழ்ந்து அங்கேயே வணிகம் செய்தவர். கணக்காண்டில் அவர் இந்தியாவில் தங்கியது 101 நாட்கள். ஆயினும் குடும்பத்தின் கட்டுப்பாடும் நிருவாகமும் முற்றிலும் இந்தியாவிற்கு வெளியே இருந்தன என்பதை அவர் மெய்ப்பிக்கவில்லை எனக் கூறி, அக்கூட்டுக்குடும்பத்தை இந்தியாவில் வசிப்பதாகவே நீதிமன்றம் கொண்டது. குடும்பத் தலைவரின் உடல் இருந்த இடம் போதவில்லை. குடும்பத்தை ஆளும் அறிவு எங்கிருந்து இயங்கியது என்பதே அளவுகோலாயிற்று.

இவ்வளவுகோலின் மூலம் இங்கிலாந்தில் உள்ளது. தென்னாப்பிரிக்காவில் பதிவு பெற்ற டி பியர்ஸ் நிறுவனம், அதன் மையக் கட்டுப்பாடு இலண்டனில் இருந்தமையால் பிரிட்டனில் வசிப்பதாகும் என்று 1906இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. இந்தியா நிறுவனங்களுக்கான ‘செயல்முறை நிருவாக இடம்’ என்னும் கோட்பாட்டை 2015இல் சட்டமாக்கியதும் இவ்வழி வந்ததே. முகவரியை மாற்றுவது எளிது. முடிவெடுக்கும் இடத்தை மறைப்பது கடினம் என்பதே இக்கோட்பாட்டின் சாரம்.

தலைமையகம் வீடு திரும்பியபோது

மலேசியத் தமிழரின் நினைவில் தலைமையகம் என்றால் நெடுங்காலம் இலண்டனே. ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டியவர்கள் தமிழர்கள்; பங்குதாரர் கூட்டங்கள் நடந்தது பிரிட்டனில். 1970களின் இறுதியில் சைம் டார்பி நிறுவனத்தின் தலைமை மலேசியாவிற்கு வந்தது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் தேசிய முதலீட்டுக் கழகமான பிஎன்பி, இலண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் கத்ரி நிறுவனத்தின் ஆளுமைப் பங்குகளை வாங்கியது. ‘விடியற்காலைத் தாக்குதல்’ என்று பேசப்படும் இந்நிகழ்வு, நாட்டின் வளம் நாட்டிற்கே மீண்ட வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. அப்பெருமிதம் நியாயமானதே. இலாபப் பங்கும் தீர்மான உரிமையும் இந்நாட்டிற்கு வந்தன.

எனினும் தோட்டத்து லயத்திலிருந்து நோக்கினால் வேறொரு காட்சி தெரிகிறது. தலைமை கோலாலம்பூருக்கு வந்த பின்னரும் தோட்டங்கள் வீடமைப்பிற்கும் பிற மேம்பாட்டிற்கும் விற்கப்பட்டன. தலைமுறைகளாக உழைத்த குடும்பங்கள் வேலையுடன் வீட்டையும் இழந்து நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தன. ஆகவே, தலைமையகம் உள்நாட்டில் இருப்பது வேறு, உழைப்பவர்பால் கடப்பாடு கொள்வது வேறு. முன்னது பின்னதைத் தானாகக் கொண்டுவருவதில்லை.

பாயான் லெப்பாஸ் காட்டும் பாடம்

1969இல் பினாங்கு தன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையின்மை பெருகிய அச்சூழலில் முதலமைச்சர் லிம் சோங் யூவின் அரசு அயல்நாட்டு மின்னணு நிறுவனங்களை வரவேற்றது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கப்பட்டது. அங்கு முதலில் வந்தவற்றுள் இன்டெல்லும் ஹியூலெட் பேக்கார்டும் அடங்கும்.

இரண்டாவது நிறுவனத்தின் வரலாறு நம் பொருளுக்கு நேர் விளக்கமாகும். அதன் குறைகடத்திப் பிரிவு 1999இல் அஜிலண்ட் நிறுவனத்திற்குச் சென்றது. 2005இல் அவாகோ என்னும் தனி நிறுவனமாகிச் சிங்கப்பூரில் தலைமை கொண்டது. 2016இல் அமெரிக்காவின் பிராட்காம் நிறுவனத்தை வாங்கி அப்பெயரையே ஏற்றது. இதனை வழிநடத்திய ஹோக் டான் பினாங்கில் பிறந்தவர். 2017 நவம்பர் 2ஆம் நாள் அவர் வெள்ளை மாளிகையில் அதிபரின் அருகில் நின்று, நிறுவனத்தின் சட்டமுறை இருப்பிடத்தை அமெரிக்காவிற்கு மாற்றுவதாக அறிவித்தார். அந்நிகழ்ச்சி ‘தாயகம் திரும்புதல்’ என்னும் தொனியில் அமைந்தது. ஆயின் அப்போது பிராட்காம், அமெரிக்க அரசின் பாதுகாப்பு ஆய்வுக்குட்பட்ட ஒரு நிறுவனக் கொள்முதலுக்கு ஒப்புதலை எதிர்நோக்கியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க நிறுவன வரி 35 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாகக் குறைக்கவும்பட்டது. 2018 மார்ச்சில் குவால்காம் நிறுவனத்தை வாங்கும் முயற்சியை அதே அதிபர் நாட்டுப் பாதுகாப்பைக் காட்டித் தடுத்தார். ஏப்ரல் 4ஆம் நாள் இடமாற்றம் நிறைவுற்றது.

ஒரே நிறுவனம் நவம்பரில் பற்றுமிக்கதாகவும் மார்ச்சில் ஐயத்திற்குரியதாகவும் தோன்றியது. இத்தனை மாற்றங்களிலும் பாயான் லெப்பாஸ் தொழிலாளர் பேச்சில் இடம்பெறவில்லை.

விவாதத்தை எடைபோடல்

இடம்பெயரும் நிறுவனங்களைப் பற்றில்லாதவை எனச் சாடுவோரின் வாதத்தில் ஓர் உண்மை உண்டு. சாலை, துறைமுகம், நீதிமன்றம், பள்ளியில் கல்வி பெற்ற தொழிலாளர் ஆகிய அனைத்தும் பொதுப்பணத்தில் உருவானவை. அவற்றால் பயன்பெற்று வளர்ந்த பின் அவற்றின் செலவைப் பிறர்மீது சுமத்துவது அறமாகாது. 2012இல் கோலாலம்பூரில் தோன்றிய கிராப், 2014இல் தலைமையைச் சிங்கப்பூருக்கு மாற்றியபோது மலேசியர் பலர் வருந்தியதன் காரணமும் இதுவே.

மறுபுறம், அரசுகளே இவ்வுறவை விலைபேசும் உறவாக ஆக்கியுள்ளன. மலாயாவில் 1958இலேயே முன்னோடித் தொழில்களுக்கு வரிவிலக்குச் சட்டம் வந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் தந்த வரிச்சலுகைகளை அவாகோவின் ஆண்டறிக்கைகளே குறிப்பிட்டுள்ளன. இன்று மலேசியாவின் பொதுவான நிறுவன வரி 24 விழுக்காடு, சிங்கப்பூரில் 17. சலுகை காட்டி அழைத்த அரசு, கூடுதல் சலுகை காட்டிய அரசிடம் நிறுவனம் செல்லும்போது பற்றின் பெயரால் வருந்துவதில் பொருளில்லை. புறநானூற்றில் பிசிராந்தையார் மன்னனுக்கு வரி குறித்து அறிவுரை கூறுகையில், வயலில் புகுந்து பாழாக்கும் யானைக்கு உவமையானது அரசு. இன்றோ அரசுகள் தம் வயலைத் தாமே திறந்துவைத்து யானையை வருந்தி அழைக்கின்றன.

இச்சிக்கலுக்குத் தீர்வாக முன்வைக்கப்பட்டதே உலகளாவிய குறைந்தபட்ச வரியாகும். ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவிற்குக் குறையாத பன்னாட்டுக் குழுமங்கள், இயங்கும் ஒவ்வொரு நாட்டிலும் 15 விழுக்காடேனும் வரி செலுத்த வேண்டும் என்பது அதன் நெறி. 2025 ஜனவரி முதல் மலேசியா இதனை நடைமுறைப்படுத்தி, இங்கு ஏற்படும் குறைவை இங்கேயே வசூலிக்கும் உள்நாட்டுக் கூடுதல் வரியையும் கொண்டுவந்தது. இது, நாம் தொடக்கத்தில் கேட்ட மூன்றாம் வினாவிற்கு, அதாவது உழைப்பு நிகழும் இடத்திற்கு, சட்டம் தந்த முதல் மதிப்பு எனலாம். ஆயின் அவ்வாண்டு ஜூனிலேயே ஜி7 நாடுகள், அமெரிக்காவைத் தலைமையாகக் கொண்ட குழுமங்களுக்கு அந்நெறியின் சில பகுதிகளிலிருந்து விலக்களிக்க இசைந்தன. தலைமையகத்தின் முகவரி மீண்டும் வலிமை பெற்றது. இந்நிலையில் உள்நாட்டுக் கூடுதல் வரியே நமக்குரிய காப்பாகும்.

முடிவுரை

பற்று என்பது மனிதர்க்குரிய பண்பு. நிறுவனத்திடம் நாம் எதிர்பார்க்கத்தக்கது கடப்பாடு. கடப்பாட்டை உருவாக்குவது சட்டம். எனவே ‘ஏன் சென்றீர்கள்?’ என்று வினவுவதினும், ‘இங்கு ஈட்டியதில் இங்கு விட்டது எவ்வளவு?’ என்று வினவுவதே பயனுடையது.

இவ்வினாவை மலேசியாவிற்குள்ளும் எழுப்பவேண்டும். கூட்டரசு அமைப்புச் சட்டத்தின்படி வருமான வரி கூட்டரசிற்குரியது. பாயான் லெப்பாசில் ஈட்டப்படும் இலாபத்தின் வரி கோலாலம்பூர் சென்று, ஒதுக்கீடாகவே பினாங்கிற்குத் திரும்புகிறது. ஜெலுத்தோங்கில் வாழும் தொழிலாளியின் பிள்ளை பயிலும் பள்ளிக்கும், அவர் தாய் மருத்துவம் பெறும் அரசு மருத்துவமனைக்கும் அதில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதே வரிக்கொள்கையின் இறுதி அளவுகோல். இலண்டன், சிங்கப்பூர், கலிபோர்னியா எனத் தலைமையகங்கள் மாறிவந்துள்ளன. உழைத்தவர்கள் இங்கேயே இருந்தனர். கணக்கை அவர்களிடமிருந்து தொடங்குவதே முறையாகும்.