க்ரீம் தந்த கருமைக்கு லேசர்: பணம் கட்டும் முன்

மங்கு போக வேண்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிய ட்யூப்பைச் சிலர் வருடக்கணக்கில் பூசுகிறார்கள். முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்றுதான் இருக்கும். பிறகு கன்ன எலும்பின் மேல் சாம்பலும் நீலமும் கலந்த கருமை படரும். கண்ணாடியைக் கிட்டே வைத்துப் பார்த்தால் கடுகை விடச் சிறிய கரும்புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். மங்கு கூடிவிட்டது என்று பயந்து அதே க்ரீமை இன்னும் தாராளமாகப் பூசுவார்கள். கருமைக்குக் காரணமே அந்த க்ரீம்தான்.

தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் கலந்த க்ரீமை நெடுநாள் பூசுவதால் வரும் இந்தப் பாதிப்புக்கு எக்ஸோஜீனஸ் ஓக்ரோனோசிஸ் என்று பெயர். 1975-இல் தென்னாப்பிரிக்காவில் இது மருத்துவ இதழில் பதிவானது. அந்த நாடு 1990-இல் அழகுசாதனப் பொருள்களில் ஹைட்ரோகுவினோனுக்குத் தடை போட்டது. நம் ஊரில் விற்கும் பல ட்யூப்களில் தோலை மெலிய வைக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்கிறது.

இந்த நிறமி மேல்தோலுக்கு அடியில் படிவதால் மேலே எதைத் தடவினாலும் போகாது. 1064 நானோமீட்டர் க்யூ-ஸ்விட்ச்டு லேசர் அதைத் துகள்களாக உடைக்கிறது. உடல் அவற்றை மெல்ல அகற்றுகிறது. பல சிட்டிங்குகள் தேவைப்படும். பலருக்கு ஓரளவு குறையும், சிலருக்குப் பலனே இருக்காது. நம்முடைய மாநிறத் தோலில் சூடு அதிகமானால் புதிய கருமையோ வெள்ளைத் திட்டோ வரலாம். ஸ்டீராய்டால் சிவந்து எரியும் முகமாக இருந்தால் முதலில் அதை ஆற்றியாக வேண்டும். ‘நூறு சதவீதம் போய்விடும்’ என்று பேக்கேஜ் விற்கும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

முகத்தில் இருப்பது மங்கா, ஓக்ரோனோசிஸா என்று தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பிலோ, தேவைப்பட்டால் தோல் துணுக்குப் பரிசோதனையிலோ உறுதி செய்யச் சொல்லுங்கள். பூசிய ட்யூப்பை எறியாமல் எடுத்துப்போய்க் காட்டுங்கள். லேசரைக் கையாளப்போகிறவர் யார், அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவெண் என்ன என்று கேளுங்கள். முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். ஒப்புதல் படிவம் புரியவில்லை என்றால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

ஸ்டீராய்டு க்ரீம்கள் 2018 முதல் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. விற்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். லேசரில் முகம் கெட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். பில், போட்டோ, ட்யூப் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.