தொகுப்புக் கணினி உறுப்புத் தெரிவு

தொகுப்புக் கணினி என்பது, ஒரே நிறுவனம் முழுமையாகத் தயாரித்து விற்கும் கணினிக்கு மாற்றாக, பயனர் தம் தேவைக்கும் கையிருப்புக்கும் ஏற்ற உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளும் மேசைக் கணினி ஆகும். தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் இது அசெம்பிள்டு சிஸ்டம் எனப்படுகிறது. நடுத்தரச் செலவில் இதனை அமைக்கும்போது, ஓர் உறுப்புக்குப் பெரும்பணம் செலவிட்டுப் பிறவற்றில் குறைப்பதைவிட, எல்லா உறுப்புகளும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்குமாறு தேர்ந்தெடுப்பதே கூடுதல் பயன் தரும். இதுவே உறுப்புச் சமநிலை எனப்படுகிறது.

பின்னணி

1981 ஆம் ஆண்டு ஐ.பி.எம் நிறுவனம் வெளியிட்ட தனிமேசைக் கணினியின் கட்டமைப்பு வெளிப்படையாக இருந்ததால், பிற நிறுவனங்களும் அதற்கு ஒத்திசையும் உறுப்புகளைத் தயாரிக்க இயன்றது. 1995 இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ் சீர்தரம், தாய்ப்பலகையின் அளவு, திருகுத் துளைகளின் இடம், மின்வழங்கியின் இணைப்பு ஆகியவற்றை வரையறுத்தது. வெவ்வேறு நிறுவனங்களின் உறுப்புகள் ஒரே பெட்டியில் பொருந்துவது இதனால்தான்.

சென்னையில் இவ்வுறுப்புகளின் முதன்மைச் சந்தை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதன் சுற்றுத் தெருக்களும் ஆகும். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையமும் சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் தொடருந்து நிலையமும் இதற்கு அருகில் உள்ளன. 1949 இல் தொடங்கப்பட்ட குரோம்பேட்டை எம்.ஐ.டி, 1937 இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1984 இல் அமைந்த தாம்பரம் ஏற்றுமதி வளாகமான மெப்சு ஆகியவற்றைச் சூழ்ந்த தென்புறநகரில் மாணவரும் மென்பொருள் பணியாளரும் மிகுதியாக வாழ்கின்றனர். பல குடும்பங்களுக்குக் கணினி என்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே செய்யக்கூடிய செலவு. எனவே தவறான தெரிவை உடனே மாற்றிக்கொள்ள இயலாது.

சமநிலையின் அடிப்படை

1967 இல் ஜீன் அம்டால் முன்வைத்த விதி இதனை விளக்கப் பயன்படும். ஒரு பகுதியை விரைவாக்குவதால் கிடைக்கும் மொத்தப் பயன், அப்பகுதி எடுத்துக்கொள்ளும் நேரத்தின் பங்கைப் பொறுத்தது. 100 நொடி எடுக்கும் ஒரு வேலையில் 40 நொடி மட்டும் வரைவியல் அட்டையில் கழிகிறது எனக் கொள்க. இருமடங்கு வேகமுள்ள அட்டையைப் பொருத்தினால் அது 20 நொடியாகக் குறையும். ஆனால் மொத்த நேரம் 80 நொடியாகவே இருக்கும். அதாவது 1.25 மடங்கு வேகம் மட்டுமே கிட்டும். அட்டை எவ்வளவு விரைவாயினும் எஞ்சிய 60 நொடி குறையாது. அந்த 60 நொடிக்குக் காரணமான உறுப்பே இங்குத் தடையாக உள்ளது.

உறுப்புகள்

மையச் செயற்பகுதியும் தாய்ப்பலகையும்: இவை இரண்டும் ஒரே பொருத்துவாயைக் கொண்டிருக்க வேண்டும். ஏ.எம்.டி ரைசன் 5 5600, அதே நிறுவனத்தின் ஏ.எம்.4 பொருத்துவாயில் அமரும். 2022 இல் வந்த ஏ.எம்.5 பலகையில் அமராது. இச்செயற்பகுதியில் உள்ளமைந்த வரைவியல் இல்லை. 5600ஜி வகையில் உண்டு. இன்டெல் செயற்பகுதிகளில் பெயரின் இறுதியில் எஃப் என்னும் எழுத்து இருப்பின் அதிலும் வரைவியல் இராது. தனி வரைவியல் அட்டை வாங்காதோர் இதனைக் கவனியாமல் விட்டால் திரையில் எதுவும் தோன்றாது.

நினைவகம்: ராம் என வழங்கும் இதில், 16 கிகாபைட்டு கொண்ட ஒரே அட்டையைவிட 8 கிகாபைட்டு கொண்ட இரு அட்டைகள் சிறந்தவை. டி.டி.ஆர்.4-3200 வகை ஒரு தடத்தில் நொடிக்கு 25.6 கிகாபைட்டும், இரு தடங்களில் 51.2 கிகாபைட்டும் கடத்தும். உள்ளமைந்த வரைவியல் முதன்மை நினைவகத்தையே பயன்படுத்துவதால் அங்கு இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். டி.டி.ஆர்.4 அட்டை டி.டி.ஆர்.5 பலகையில் பொருந்தாது.

சேமிப்பகம்: சாட்டா வகைத் திண்மநிலை வட்டு நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டு வரை படிக்கும், மூன்றாம் தலைமுறை என்.வி.எம்.இ வட்டு 3,500 மெகாபைட்டு வரை எட்டும். எனினும் சுழலும் வன்தட்டிலிருந்து ஏதேனும் ஒரு திண்மநிலை வட்டுக்கு மாறுவதே பயனர் உணரும் பெரிய முன்னேற்றம் ஆகும்.

மின்வழங்கி: எஸ்.எம்.பி.எஸ் என்று கடைகளில் அறியப்படும் இதுவே பெரும்பாலும் பணம் குறைக்கப்படும் இடம். பெட்டியுடன் இணைத்துத் தரப்படும் மலிவான மின்வழங்கிகள் பல, தம்மேல் அச்சிட்ட வாட்டு அளவைத் தொடர்ந்து தர இயலாதவை. இது பழுதானால் தாய்ப்பலகை, வட்டு போன்ற பிற உறுப்புகளையும் கெடுக்கக்கூடும். 2004 இல் தொடங்கிய 80 பிளசு சான்று, 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் குறைந்தது 80 விழுக்காடு செயற்திறனைக் குறிக்கும். இது செயற்திறனுக்கான சான்றே அன்றி, பாதுகாப்புக்கான முழு உறுதி அன்று.

மின்சாரமும் தட்பவெப்பமும்

செயற்பகுதி 90 வாட்டு, வரைவியல் அட்டை 170 வாட்டு, பிற உறுப்புகள் 60 வாட்டு எனில் மொத்தம் 320 வாட்டு ஆகும். இதற்கு 550 வாட்டு மின்வழங்கி போதும். மின்வழங்கியின் செயற்திறன் 85 விழுக்காடு எனில், சுவரிலிருந்து எடுக்கும் மின்திறன் ஏறத்தாழ 376 வாட்டு. திரைக்கு 25 வாட்டு சேர்த்தால் 400 வாட்டைத் தாண்டும். வீடுகளில் பரவலாக உள்ள 600 வோல்ட்-ஆம்பியர் தடையில்லா மின்வழங்கிகள் பல 360 வாட்டு மட்டுமே தாங்குவன. மின்வெட்டின்போது கணினி முழுச்சுமையில் இருந்தால் அவை உடனே அணைந்துவிடும். இத்தகைய கணினிக்கு 600 வாட்டு தாங்கும் 1,000 வோல்ட்-ஆம்பியர் கருவி ஏற்றது.

வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்புவதிலும் இடர் உண்டு. மின்சாரம் நின்றபின் கணினி மின்வழங்கி முழுச்சுமையில் ஏறத்தாழ 15 மில்லிநொடி மட்டுமே தாக்குப்பிடிக்கும். இன்வெர்ட்டர் அதற்குள் மாறாவிடில் கணினி மீளத்தொடங்கும். சேமிக்காத பணி அழியும். பல இன்வெர்ட்டர்களில் உள்ள யு.பி.எஸ் நிலைமாற்றி, இம்மாற்ற நேரத்தைக் குறைப்பதற்கே அமைந்தது. நிலத்தொடர்பு உள்ள மூன்று முனை மின்செருகியும் இன்றியமையாதது.

சென்னையில் கோடைக்கால வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தொடுவதுண்டு. காற்றுக் குளிர்விப்பியால் செயற்பகுதியை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல இயலாது. 25 பாகை அறையில் 70 பாகையில் இயங்கும் செயற்பகுதி, 38 பாகை அறையில் ஏறத்தாழ 83 பாகையை எட்டும். பெரும்பாலான செயற்பகுதிகள் 90 முதல் 100 பாகைக்குள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆகவே முன்பக்கம் காற்று புகும் வலைமுகம் கொண்ட பெட்டி, கண்ணாடி முகப்புள்ள பெட்டியைவிட இவ்வூருக்கு ஏற்றது. தூசு வடிகட்டிகளை அவ்வப்போது தூய்மைசெய்ய வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், மேற்குத் தாம்பரம், வரதராசபுரம் ஆகிய பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுந்தது. தாழ்வான பகுதிகளில் கணினிப் பெட்டியையும் மின்கலத்தையும் தரையில் வைக்காமல் மேசைமீது வைப்பது நன்று.

பயன்பாட்டுக்கேற்ற பங்கீடு

- நிரலாக்கம், பாடப்பணி: தனி வரைவியல் அட்டை தேவையில்லை. அப்பணத்தை நினைவகத்துக்கும் திண்மநிலை வட்டுக்கும் செலவிடலாம்.
- பொறியியல் வரைபடம், முப்பரிமாண உருவாக்கம்: செயற்பகுதியின் ஒற்றைக் கரு வேகமும் வரைவியல் அட்டையும் முதன்மை பெறும்.
- நிகழ்படத் தொகுப்பு: கூடுதல் கருக்களும் 32 கிகாபைட்டு நினைவகமும் பயன்தரும்.
- விளையாட்டு: வரைவியல் அட்டையே மிகுந்த பங்கைப் பெறும். திரையின் நுணுக்கத்துக்கு மிஞ்சிய அட்டை வீண்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

தொகுப்புக் கணினிக்கு ஒட்டுமொத்த உத்தரவாதம் இராது. ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் தயாரிப்பாளரே பொறுப்பு. எனவே வரிசை எண் குறித்த சரக்கு சேவை வரிப் பற்றுச்சீட்டைப் பெற்று உத்தரவாதக் காலம் முழுவதும் பாதுகாக்க வேண்டும். பற்றுச்சீட்டு இன்றிக் கிடைக்கும் சிறு தள்ளுபடி, உறுப்பு பழுதாகும் நாளில் முழு இழப்பாகலாம்.

பழைய உறுப்புகளை வாங்குவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 2022 செப்டம்பரில் எத்திரியம் வலையமைப்பு வரைவியல் அட்டைகளின் தேவையைக் கைவிட்டபின், நாணய அகழ்வில் நெடுநாள் இயங்கிய அட்டைகள் பழஞ்சந்தைக்கு வந்தன. விண்டோசு 10 க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான செயற்பகுதிகளை விண்டோசு 11 முறைப்படி ஏற்பதில்லை. அவற்றில் லினக்சு இயங்குதளத்தை நிறுவித் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

இவற்றையும் பார்க்கவும்

- மேசைக் கணினி
- தாய்ப்பலகை
- மையச் செயற்பகுதி
- தடையில்லா மின்வழங்கி
- ரிச்சி தெரு