நாள் எண்ணும் கணக்கு

எண்ணுதல் எளிய செயலெனப் பலரும் கருதுவர். நாளை எண்ணப் புகுவார்க்கு அஃது அத்துணை எளிதன்று. மாணவர் விடுதி ஒன்றின் உணவுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். உண்ட நாட்களுக்கு மட்டுமே கட்டணம் என்பது விதி. காலை, நண்பகல், இரவு என வேளைக்கொரு வரியாக ஒருவன் பெயர் பதிவாகிறது. முப்பது நாளும் மூவேளையும் உண்டவனுக்கு வரிகள் 90, நாட்களோ 30. ஆதலின் வரிகளை எண்ணாது, வேறுவேறான நாட்களையே எண்ணுதல் வேண்டும். பவர் பி.ஐ. என்னும் கணக்காய்வுக் கருவியில் இதற்கென அமைந்த சூத்திரம் டிஸ்டிங்க்ட்கவுண்ட் என்பது.

இச்சூத்திரத்தை இட்ட பின்னரும் விடை 90 என்றே வருவதுண்டு. வறிய மாணவன் ஒருவன் கையில் அக்கணக்குச் சீட்டு போய்ச் சேருமாயின் அவன் நிலை யாதாகும்? இதன் காரணத்தை ஆராய்வோம். எக்செல் முதலியவற்றில் தேதி என்பது ஓர் எண்ணே. நாள் முழுவெண்ணாகவும், நேரம் அதன் பின்னமாகவும் நிற்கும். நண்பகல் 12 மணி 0.5, மாலை 6 மணி 0.75. காலையுணவும் இரவுணவும் ஒரே நாளினவாயினும், எண்கள் வேறாதலின் கருவி அவற்றை வேறாகவே கொள்ளும். நேரத்தைத் திரையில் தோன்றாமல் மறைத்துவிட்டால் போதுமென்பார் உளர். போதாது, பின்னம் உள்ளேயே இருக்கும். இன்ட் என்னும் சூத்திரத்தால் அதனைக் களைந்து, நாள் மட்டும் நிற்கும் தனிப்பத்தி ஒன்றமைத்து எண்ணுவதே முறை.

இனி, நாள் தொடங்குவது எப்பொழுது? யூதர்க்கு மாலையில், பஞ்சாங்கத்தார்க்குச் சூரியோதயத்தில், கருவிக்கு நள்ளிரவில். அந்நள்ளிரவும் நம்முடையதே என்பதற்கில்லை. பதிவுகள் சில கிரீன்விச் நேரப்படி சேமிக்கப்படும். இந்திய நேரமோ அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே விடியற்காலை 5 மணிக்குக் காப்பி அருந்தி ஊருக்குப் புறப்பட்டவன், முந்திய நாள் உண்டவனாகக் கணக்கில் ஏறுவான். முந்திய நாள் அவன் உபவாசம் இருந்திருப்பின் அதற்கும் கட்டணம்! பின்னத்தைக் களையுமுன்னரே இவ்வைந்தரை மணியைக் கூட்டிவிடல் வேண்டும். களைந்தபின் கூட்டிப் பயனில்லை.

30 நாள் மாதத்தில் ஒருவனுக்கு 31 நாள் வந்தால், தேதி எழுதாத வரியொன்று உள்ளதோ என்று பார்க்க. வெற்றிடத்தையும் டிஸ்டிங்க்ட்கவுண்ட் ஒன்றாக எண்ணும், டிஸ்டிங்க்ட்கவுண்ட்நோபிளாங்க் எண்ணாது.

யாவரும் மருள்வது மொத்த வரியிலேதான். மாணவர் 40 பேரும் 30 நாள் உண்டனர். அடியில் 1200 வரும் என்று நோக்கினால் 30 என்றே நிற்கிறது. சூத்திரம் பழுது என்று இதனைத் தள்ளுவர். பழுதன்று என்பதே நம் கருத்து. அடுப்பு எரிந்த நாட்கள் எத்தனை என்னும் கேள்விக்கு 30 என்பதே நேரிய விடை. கட்டணத்துக்கு வேண்டுவது வேறு கேள்வி: மாணவர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே நாளை எண்ணி, பின்னர் அவ்வெண்களைக் கூட்டவேண்டும். சம்எக்ஸ் என்னும் சூத்திரம் மாணவர் பட்டியின்மேல் ஒவ்வொருவராகச் சென்று அவ்வேலையைச் செய்து, 1200 என்னும் எண்ணை அளிக்கும்.