அரபுத்தமிழ் எழுத்தின் கணினி மீட்பு: நாகூர்க் கரையை முன்வைத்து எழுத்துருவாக்கமும் பதிப்பு நெறியும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் மொழியை அரபு எழுத்துகளால் எழுதும் முறை அரபுத்தமிழ் எனப்படும். தமிழகக் கரையிலும் இலங்கையிலும் வாழ்ந்த முஸ்லிம்களிடையே வழங்கிய இம்முறைக்குத் தேவையான எழுத்துகள் சில 2015ஆம் ஆண்டு ஒருங்குறியில் சேர்க்கப்பட்டன. எனினும் குறியீடு கிடைத்ததனால் மட்டும் ஒரு பழைய எழுத்து மரபு கணினியில் மீண்டுவிடாது. எது எழுத்து வேறுபாடு, எது எழுதியவரின் கை வேறுபாடு என்று பிரித்தறிந்த பின்னரே எழுத்துரு வரையப்பட வேண்டும். அவ்வகையில் எழுத்துருவாக்கம் பதிப்புப் பணியின் ஒரு பகுதியே என்பதனை நாகூரையும் அதனைச் சூழ்ந்த காவிரிப் படுகையையும் முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அரபுத்தமிழ், அர்வி, நாகூர், எழுத்துரு, ஒருங்குறி, கல்லச்சு, பதிப்பியல்.

முன்னுரை

நாகூர், தர்காவினால் அறியப்படுவது போலவே தமிழ்ப் புலமையினாலும் அறியப்படும் ஊர். குலாம் காதிறு நாவலர் (1833–1908) இவ்வூரினர். நாகூர்க் கலம்பகம், நாகூர்ப் புராணம் முதலிய செய்யுள் நூல்களையும், நாகூர் ஆண்டவரின் வரலாற்றைக் கூறும் கன்ஜுல் கராமத்து என்னும் உரைநடை நூலையும் அவர் இயற்றினார். தமிழ் எழுத்தில் அமைந்தமையால் அவை இன்றும் தமிழ் கற்றோர் எவரும் படிக்கத்தக்கனவாக உள்ளன.

இதே கரையில் வேறோர் எழுத்து வழக்கும் இருந்தது. ஓதுபள்ளியில் குர்ஆன் ஓதக் கற்ற சிறுவர் சிறுமியர் அவ்வெழுத்துகளைக் கொண்டே தமிழையும் படிக்க அரபுத்தமிழ் வழிசெய்தது. தமிழ் எழுத்துக் கல்வி வாய்க்காத முஸ்லிம் பெண்கள் பலருக்கு மார்க்க நூல்களைப் படிக்கும் வாயிலாக அமைந்தது இதுவே. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இயற்றிய மகானி போன்ற நூல்கள் இவ்வழக்கில் பரவலாகப் பயிலப்பட்டன. நாகூரின் தொடர்புகள் கடல் கடந்தும் நீண்டன; சிங்கப்பூரில் 1828–1830 காலத்தில் எழுப்பப்பட்ட நாகூர் தர்கா அதற்குச் சான்று.

இன்று இவ்வெழுத்தைத் தடையின்றிப் படிப்போர் குறைந்து வருகின்றனர். ஏடுகளும் கல்லச்சு நூல்களும் படிமங்களாக மின்னாக்கம் பெற்றாலும், அவற்றினுள் ஒரு சொல்லைத் தேடவோ இரு படிகளை ஒப்பிடவோ படிமம் உதவாது. அதற்கு எழுத்தாக்கப்பட்ட பாடம் வேண்டும். அப்பாடத்தை உள்ளிடவும் காட்டவும் எழுத்துரு வேண்டும். இத்தேவையிலிருந்தே ஆய்வுச் சிக்கல் பிறக்கிறது.

அரபுத்தமிழின் எழுத்தமைதி

அரபு நெடுங்கணக்கின் 28 எழுத்துகள் தமிழின் எல்லா ஒலிகளையும் காட்டப் போதுமானவை அல்ல. ட, ப, ற, ழ முதலிய மெய்களுக்கும் எகர ஒகர உயிர்களுக்கும் அதில் தனி எழுத்து இல்லை. அரபுத்தமிழ் இக்குறையைப் புதிய வடிவங்களைப் படைத்து நிரப்பவில்லை. ஒலியால் நெருங்கிய எழுத்தொன்றை எடுத்துப் புள்ளியிட்டு வேறுபடுத்தியது. தால் எழுத்தின் கீழ்ப் புள்ளியிட்டு டகரமும், ரே எழுத்தின் கீழ்ப் புள்ளியிட்டு றகரமும், ஃபே எழுத்தின் கீழ்ப் புள்ளியிட்டுப் பகரமும் அமைந்தன. சகரத்துக்குப் பாரசீக வழக்கின் முப்புள்ளி எழுத்து பயன்பட்டது.

இத்தேர்வுகளில் தமிழ்ச் செவியின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. 'ளாது' என ஓதப்படும் அரபு எழுத்தைத் தமிழ் முஸ்லிம்கள் ழகர ளகரங்களோடு இணைத்தே கேட்டனர். நோன்பு மாதத்தின் பெயர் ரமழான், ரமளான், ரமலான் எனப் பலவாறு எழுதப்படுவதன் காரணம் இதுவே. கீழ்ப் புள்ளி பெற்ற ளாது அரபுத்தமிழ் எழுத்துகளுள் ஒன்றானதும் இந்த ஒலியுணர்வின் வழிப்பட்டதே.

இன்னொரு சிறப்பும் கருதத்தக்கது. தமிழ் எழுத்தில் எழுதும்போது அரபுச் சொற்களின் பல எழுத்துகள் ஒன்றில் அடங்கிவிடும். ஸீன், ஸாது என்னும் இரண்டும் ஸகரமாகவே நிற்கும். அரபுத்தமிழிலோ கடன்சொற்கள் தம் மூல எழுத்தோடே நிற்கின்றன. ஆகவே தமிழ் எழுத்துக்கு மாற்றிப் பதிப்பித்தால் போதும் என்ற கருத்து முழுமையானதன்று. அம்மாற்றம் வாசகர்க்கு உதவும். ஆனால் மூலத்தின் எழுத்துச் சான்று அதில் மறைந்துவிடும்.

அச்சு வரலாறு தரும் விளக்கம்

நாகூருக்கு வடக்கே, காரைக்காலுக்கு அப்பால் உள்ள தரங்கம்பாடிக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பெரியனவாக இருந்தமையால் காகிதச் செலவு மிகுந்தது. எனவே சீகன்பால்கின் குழுவினர் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். 1714–1715இல் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. கையெழுத்தை உலோகத்துக்கு மாற்றும்போது அளவு, செலவு, கருவி ஆகியனவும் வடிவத்தைத் தீர்மானிக்கும் என்பதற்கு இது பழைய எடுத்துக்காட்டு.

அரபுத்தமிழுக்கு உலோக அச்சு மேலும் கடினமானது. அரபு எழுத்துகளுட் பெரும்பாலானவை சொல்லின் முதல், இடை, கடை, தனிநிலை என நான்கு வடிவம் பெறுவன. அவற்றோடு தமிழுக்கான கூடுதல் எழுத்துகளும் சேர்கின்றன. தமிழ்ச் சொல் ஐயமின்றிப் படிக்கப்பட வேண்டுமாயின் ஜபர், ஜேர், பேஷ் முதலிய உயிர்க்குறிகளையும் முழுமையாக இட வேண்டும். இத்தனை சேர்க்கைகளையும் வார்த்து வைக்கும் செலவு சிறிய வாசகர் வட்டம் தாங்கக்கூடியதன்று.

கல்லச்சு இத்தடையை நீக்கியது. எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதப்பட்டது சுண்ணாம்புக் கல்லில் பதியும். ஈரமாக்கிய கல்லின்மேல் அச்சு மை எழுதிய இடத்தில் மட்டும் பற்றும். எனவே எழுதுவோர் கை எவ்வாறு எழுதியதோ அவ்வாறே பக்கம் அச்சாகும். 19ஆம் நூற்றாண்டில் அரபுத்தமிழ் நூல்கள் பெரிதும் கல்லச்சில் வெளிவந்தமைக்கு இதுவே தலையாய காரணம். இதன் விளைவாக, தமிழ் எழுத்து உலோக அச்சினால் அடைந்த தரப்பாட்டினை அரபுத்தமிழ் அடையவில்லை. ஒவ்வொரு நூலிலும் ஓர் எழுத்தரின் கை நிற்கிறது. கணினி எழுத்துரு வரைவோர் எதிர்கொள்ளும் மூலம் இத்தகையது.

புள்ளி: வடிவமா, குறியீடா?

ஒருங்குறி எழுத்தைக் குறியிடுகிறது. அதன் தோற்றத்தை எழுத்துரு தருகிறது. இவ்வேறுபாட்டைத் தமிழ் எழுத்திலேயே காணலாம். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா ஆகியவை கூட்டெழுத்துகளாகவும், ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற வளைவுடனும் எழுதப்பட்டன. கணினியில் பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் குறியீடு ஒன்றே. நாவலரின் நூலொன்றைப் பழைய தோற்றத்தில் பதிப்பிக்க விரும்புவோர் எழுத்துருவை மாற்றினால் போதும். பாடமும் தேடலும் மாறுவதில்லை.

இதற்கு மாறானது நெல் கணக்கின் நிலை. குறுணி, பதக்கு முதலிய முகத்தலளவைகளின் குறிகளும் பின்னக் குறிகளும் காவிரிப் படுகையின் பழைய கணக்குகளைப் படிக்க இன்றியமையாதவை. அவற்றுட் பலவற்றுக்குக் குறியீடே இல்லாதிருந்தது. 2019இல் 51 குறிகள் தமிழ்த் துணைத் தொகுதியாகச் சேர்ந்த பின்னரே அவற்றைப் பாடமாக உள்ளிட இயன்றது.

அரபுத்தமிழ் இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டது. 2015இல் வெளியான ஒருங்குறியின் எட்டாம் பதிப்பு, கீழே முப்புள்ளி பெற்ற ஐன், கீழ்ப் புள்ளி பெற்ற காஃப், எழுத்தின் கீழ் இடும் தலைகீழ்ப் பேஷ் ஆகியவற்றைச் சேர்த்தது. பிற எழுத்துகள் வேறு மொழிகளின் பொருட்டும் முன்பே இடம்பெற்றிருந்தன. இங்கு விதியொன்று கவனிக்கத்தக்கது: ஒருங்குறியில் அரபு எழுத்தின் புள்ளி பிரித்தெடுக்கத்தக்க ஒட்டுக்குறி அன்று. புள்ளியின் எண்ணிக்கையோ இடமோ மாறினால் அது வேறு எழுத்தாகும்.

பகரத்தைக் கொண்டு இதன் விளைவை அறியலாம். ஃபே எழுத்தின் மேற்புள்ளியோடு கீழேயும் ஒரு புள்ளி பெற்ற வடிவம் ஒரு குறியீடு. மேற்புள்ளி நீங்கிக் கீழ்ப் புள்ளி மட்டும் உள்ள வடிவம் மற்றொரு குறியீடு. அது மேற்கு ஆப்பிரிக்க அரபு வழக்கில் ஃபே எழுத்தே ஆகும். ஓர் எழுத்தர் விரைவில் மேற்புள்ளியை விட்டுவிட்டால் அதனை எவ்வாறு உள்ளிடுவது? கண்டவாறே உள்ளிட்டால் 'பள்ளி' என்னும் ஒரு சொல் கணினிக்கு இரு சொற்களாகும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. ஒரே குறியீட்டால் உள்ளிட்டுவிட்டால் எழுத்தரின் வழக்கு பதிவின்றி மறையும். எழுத்துரு வரைபவர் இதில் எதனைத் தேர்ந்தாலும் அது பாடத்தைப் பற்றிய தீர்மானமே.

வடிவத்தின் சிக்கல்கள்

குறியீடு தீர்ந்த பின்னும் தோற்றச் சிக்கல் நிற்கிறது. ரே எழுத்து வரிக்கோட்டின் கீழ் இறங்குவது. றகரமாகும்போது அதன் கீழ் ஒரு புள்ளியும், 'றி' ஆகும்போது அப்புள்ளிக்கும் கீழே ஜேர் குறியும் வரும். இவ்வாறு கீழ்நோக்கி மூன்று அடுக்குகள் அமைய, அடுத்த வரியின் ஜபரும் பேஷும் அவற்றோடு மோதும். கல்லச்சு எழுத்தர் குறியைச் சற்றே விலக்கியும் எழுத்தை நீட்டியும் இதனைத் தீர்த்தார். எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறி பொருந்தும் புள்ளிகளைத் தனித்தனியே வரையறுத்தும், வரி இடைவெளியைக் கூட்டியும் தீர்க்க வேண்டும். அரபு மொழிக்கென வரையப்பட்ட எழுத்துரு கூடுதல் எழுத்துகளைக் காட்டினாலும், கீழ்ப் புள்ளிகள் மிகுந்த தமிழ்த் தொடர்களில் நெரிசலின்றி அமையும் என்பது உறுதியன்று.

அடுத்து வருவது மரபின் வினா. எகிப்தின் பூலாக் அச்சகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான நஸ்கு அச்செழுத்தைக் காலித் ஹுஸ்னி 'அமீரி' என்னும் கணினி எழுத்துருவாக மீட்டார். மூலம் தேர்ந்த அச்சகம் ஒன்றின் ஒரே தொகுதியாதலால் அவருக்குத் தெளிவான முன்மாதிரி இருந்தது. அரபுத்தமிழில் அத்தகைய ஒற்றை முன்மாதிரி இல்லை. அதன் நூலை அமீரி போன்ற எழுத்துருவில் அமைத்தால் பாடம் தமிழ்க் கரையினதாகவும் தோற்றம் கெய்ரோ அச்சகத்தினதாகவும் இருக்கும். பயன்பாட்டுப் பதிப்புக்கு அது குறையன்று. எழுத்து வரலாற்றைக் காட்ட முனையும் பதிப்புக்கோ குறையாகும்.

பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கூறியவற்றால் நான்கு நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, எழுத்துருவுக்கு முன் எழுத்தடைவு வேண்டும்: காலமும் இடமும் அறியப்பட்ட படிகளிலிருந்து ஒவ்வோர் எழுத்தின் நான்கு நிலை வடிவங்களையும் திரட்ட வேண்டும். இரண்டாவது, பல கைகளைக் கலந்து பொது வடிவம் ஒன்றைப் புனையாமல், ஒரு நூலின் ஒரு கையை அடிப்படையாகக் கொண்டு அதனை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். மூன்றாவது, பாடத்தை இரு அடுக்குகளில் பேண வேண்டும்: கண்டவாறு உள்ளிட்ட பாடம் ஒன்று, தேடலுக்கான சீர்மைப் பாடம் ஒன்று. நான்காவது, எழுத்துரு கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட வேண்டும். எழுத்துணரிச் செயலிகளைப் பழக்குவதற்கான மாதிரிப் பக்கங்களை எழுத்துருவைக் கொண்டே உருவாக்கலாம் என்பதால், இது கல்லச்சு நூல்களை இயந்திரம் படிக்கும் பணிக்கும் துணைபுரியும்.

முடிவுரை

தைக்கா ஷுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட ஆய்வு நூல், அர்வி என்னும் பெயரால் இம்மரபின் பரப்பினை உலகறியச் செய்தது. 2015இல் ஒருங்குறி அதற்கு எழுத்திடம் தந்தது. இவற்றுக்கு அடுத்த பணி கணினி வல்லுநர் தனித்துச் செய்யத்தக்கதன்று. எந்தப் புள்ளி பொருளுடையது, எது கைப்பிழை என்பதனை அவ்வெழுத்தில் ஓதிப் பழகியவரே ஐயமின்றிக் கூற இயலும். அவர்கள் பெரும்பாலும் முதியோர். ஆகவே எழுத்துரு வரைவதற்கு முன், அவர்கள் படிக்கக் கேட்டுப் பாடத்தை உறுதிசெய்தலும் அவ்வாசிப்பைப் பதிவுசெய்தலும் உடனடியாகச் செய்ய வேண்டியவை. தமிழ்த் துறைகளும் அரபுத் துறைகளும் இணைந்து, நாகூர் போன்ற ஊர்களில் ஒவ்வொரு நூலாக இப்பணியைத் தொடங்கலாம்.