எல்லையில் நின்ற பஸ்!
எதிர்பாராமல் ஒரு நாள் ஓசூரில்

"பஸ் இதற்கு மேலே போகாது. எல்லாரும் இறங்குங்க!"

பெங்களூருக்கு என்று டிக்கெட் வாங்கி, இரவெல்லாம் தூங்கி வழிந்து வந்தவர்களிடம் கண்டக்டர் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? வெளியே பார்த்தால் பெங்களூர் இல்லை. ஜூஜூவாடி! தமிழ்நாட்டின் கடைசி ஊர். எதிரே தெரிவது கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. பெங்களூருக்கு இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

2023 செப்டம்பர் 26-ந்தேதி, செவ்வாய்க்கிழமை, இதுதான் நடந்தது. காவிரித் தண்ணீர் தகராறில் பெங்களூரில் அன்று 'பந்த்'. மூன்று நாள் கழித்து, 29-ந்தேதி, கர்நாடகம் முழுவதும் 'பந்த்'. தமிழ்நாட்டு பஸ்கள் எல்லையோடு நின்றுவிட்டன. மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் ரோட்டில் இறங்கினார்கள். வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மகள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டு போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கதிதான்.

மணப்பெண் நடந்தாள்

இதாவது பரவாயில்லை. 2016-ல் நடந்தது இதைவிட மோசம்.

அந்த ஆண்டு செப்டம்பர் 12-ந்தேதி பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் தீக்கிரையாயின. பஸ் போக்குவரத்து அடியோடு நின்றது. அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வரவேண்டியவர்கள் அத்திப்பள்ளி வரை எப்படியோ வந்து, எல்லையை நடந்தே தாண்டினார்கள். இடுப்பில் குழந்தை, தலையில் பெட்டி, கையில் தண்ணீர்ப் பாட்டில்! அந்தக் கூட்டத்தில் மணக்கோலத்தில் ஒரு பெண்ணும் நடந்து வந்தாள். மறுநாள் தமிழ்நாட்டில் அவளுக்குக் கலியாணம். பட்டுப் புடவையும் நகையுமாக அவள் வெயிலில் நடந்து வந்த படத்தைப் பத்திரிகைகளில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1991 டிசம்பரிலும் இப்படித்தான். காவிரிக் கலவரத்தில் பயந்துபோன எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இதே வழியாகத்தான் வந்தன. அப்போது அவர்கள் கண்ணில் முதலில் பட்ட தமிழ்நாட்டு ஊர் ஓசூர்.

வழியில் நிற்பதற்கு எப்போதும் சண்டைதான் காரணம் என்பதில்லை. 2021 நவம்பர் 12-ந்தேதி அதிகாலை 3-50 மணி. கண்ணூரிலிருந்து யஷ்வந்த்பூருக்குப் போன எக்ஸ்பிரஸ் ரெயில், பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தது. மழையில் ஊறிய மலைச்சரிவிலிருந்து பாறைகள் உருண்டு வந்து மோதின. பெட்டிகள் தடம் புரண்டன. ரெயிலில் இருந்தவர்கள் 2,348 பேர். ஒரு உயிர்கூடப் போகவில்லை! பஸ்கள் அமர்த்தி அவர்களை அனுப்பி வைத்தார்கள்.

உயிர் தப்பிய பிறகு ஒரு நாள் தாமதம் ஒரு பெரிய காரியமா?

கடல் கடந்த ஒரு கதை

கனடா நாட்டின் கிழக்குக் கோடியில் காண்டர் என்று ஒரு சிற்றூர் உண்டு. ஜனத்தொகை சுமார் பத்தாயிரம். 2001 செப்டம்பர் 11-ந்தேதி அமெரிக்காவில் விமானங்களைக் கடத்திக் கட்டிடங்களின் மீது மோதினார்கள் அல்லவா? அன்று அமெரிக்கா தன் வான வழியை மூடிவிட்டது. நடுவானில் இருந்த 38 விமானங்கள் காண்டரில் இறங்கின. ஊர் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் விருந்தாளிகள்! பள்ளிக்கூடங்களிலும் மாதா கோவில்களிலும் படுக்கை போட்டு, வீட்டுக்கு வீடு சமைத்துக் கொடுத்து, பல நாள் வைத்துப் பராமரித்தார்கள். அந்தப் பயணிகள் இன்றும் அந்த ஊரைச் சொந்த ஊர்போல நினைக்கிறார்கள். இதை ஒரு நாடகமாகவே எழுதி உலகமெங்கும் நடத்தினார்கள்.

ஓசூருக்கு நாடகம் எழுத ஆள் இல்லை. ஆனால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

குளுகுளு ஊர்

பெங்களூர் போகிறவர்கள் ஓசூரை ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார்கள். மேம்பாலம், லாரி வரிசை, ஆலைச் சுவர், அவ்வளவுதான். இறங்கினவர்களுக்குத்தான் தெரியும், இது கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர் என்பது. சேலத்தில் வேர்த்தவனுக்கு இங்கே சால்வை தேடும்! வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் குளிர் மிகவும் பிடித்துவிட்டது. 1824-லேயே பக்கத்து மத்திகிரியில் பட்டாளத்துக் குதிரைகளுக்காகப் பண்ணை போட்டார்கள். அதுதான் இன்றைய சர்க்கார் கால்நடைப் பண்ணை.

'ஓசூர்' என்றால் என்ன? கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய. ஹொச ஊர் ஓசூர் ஆயிற்று. நம் பக்கத்தில் 'புதூர்' என்கிறோமே, அதேதான்.

ஊருக்கு நடுவே குன்றின் மேல் சந்திர சூடேஸ்வரர் கோவில் கொண்டிருக்கிறார். அம்மன் பெயர் மரகதாம்பாள். சிவபெருமான் மரகதம்போல் மின்னும் உடும்பாக வந்தார், அம்பிகை அதைப் பிடிக்கத் துரத்தினாள் என்பது தல வரலாறு. படி ஏற முடியாத பாட்டிமார்களுக்கு வண்டிப் பாதையும் உண்டு. மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் ஆலை, தூரத்தில் கர்நாடகம். எந்த இடத்தில் ஒரு ராஜ்யம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று மேலேயிருந்து பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது!

கடைத்தெருவிலும் இந்தக் கதைதான். பூக்காரி தமிழில் விலை சொல்வாள். பக்கத்துக் கடைக்காரரிடம் தெலுங்கில் சில்லறை கேட்பாள். வாங்க வந்தவர் கன்னடத்தில் பேரம் பேசுவார். உருதுவும் காதில் விழும். சண்டை நடக்கிற நாளிலும் இந்தப் பேச்சு நிற்பதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்தவர்களும் இந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது எப்படி நிற்கும்?

பூ என்றால் ரோஜா! இந்தக் குளிரில் அது செழித்து வளர்கிறது. பிப்ரவரியில் காதலர் தினத்துக்காக ஓசூர் ரோஜா விமானம் ஏறி வெளிநாடு போகிறது. பசிக்குக் கேழ்வரகுக் களியும் கீரையும் கிடைத்தால் விடாதீர்கள். இந்தப் பக்கத்துச் சாப்பாடு அதுதான்.

கவர்னர் ஜெனரலின் வீடு

கொஞ்சம் நேரம் இருந்தால் தொரப்பள்ளிக்குப் போய் வரலாம். ஓசூருக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சின்னக் கிராமம். 1878 டிசம்பர் 10-ந்தேதி அங்கே ஒரு குழந்தை பிறந்தது. அவர்தான் ராஜாஜி. இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர். பிறந்த வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். மாளிகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கிராமத்து ஓட்டு வீடுதான்! பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவது பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதற்குச் சமம்.

கெலவரப்பள்ளி அணையும் பக்கத்தில்தான். தென்பெண்ணையின் குறுக்கே கட்டியது. ஆனால் சில சமயம் அங்கே தண்ணீருக்குப் பதில் சோப்பு நுரைபோல வெள்ளை வெள்ளையாகப் பொங்கி வரும். பெங்களூர்க் கழிவுநீர் ஆற்றில் கலப்பதால் வருகிற வினை. குழந்தைகள் அதைப் பார்த்துக் கைகொட்டுவார்கள். தொடவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிகாரமும் கல்லாயுதமும்

கேழ்வரகு விளைந்த பூமியில் ஆலைகள் வந்தது 1970-க்குப் பிறகு. பின்தங்கிய தாலுகா என்று சர்க்கார் சலுகை கொடுத்தது. 'சிப்காட்' தொழிற்பேட்டை அமைத்தது. பக்கத்திலேயே பெங்களூர் இருந்தது வசதியாகப் போயிற்று. இரண்டு பேர் ஏறிப் போகும் டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் இங்கிருந்துதான் புறப்பட்டது. லேலண்ட் லாரிகளும் டைட்டன் கைக்கடிகாரமும் இங்கே தயாராகின்றன. நீங்கள் இறங்கி நிற்கிற பஸ்ஸும் உங்கள் கையில் நேரம் பார்க்கிற கடிகாரமும் இந்த ஊரில் பிறந்தவையாக இருக்கலாம்!

ஆனால் இரும்பு வேலை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. மயிலாடும்பாறையில் தோண்டிப் பார்த்ததில் கி.மு. 2172-ஐச் சேர்ந்த இரும்பு கிடைத்திருக்கிறது என்று 2022-ல் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. அதாவது ஏறக்குறைய 4,200 வருஷம்! அதே ஊரில் கல்லாயுதங்களும் கிடைத்தன.

ஊர் திரும்பலாம் என்று முடிவு செய்தவர்கள் கிருஷ்ணகிரியில் ஒருமுறை இறங்கலாம். நெடுஞ்சாலைகள் கூடுகிற ஊர் அது. மாவட்டத் தலைநகர்தான், ஆனால் ஊரில் ரெயில் கிடையாது! ஊருக்கு மேலே மலைக்கோட்டை. 1791 நவம்பரில் வெள்ளைக்காரப் படை இதைப் பிடிக்க வந்து முடியாமல் திரும்பியது. மறு வருஷம் திப்புவோடு செய்த உடன்படிக்கையில்தான் கைக்கு வந்தது. கோட்டை ஏற விருப்பமில்லாதவர்களுக்கு காமராஜர் காலத்தில் கட்டிய அணையும் பூங்காவும் இருக்கின்றன.

மாம்பழம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு சங்கடம். மழை பொய்த்த வருஷத்தில், ஆகஸ்டு, செப்டம்பரில்தான் காவிரிச் சண்டை முற்றுகிறது. கிருஷ்ணகிரி மாம்பழக் காலமோ ஜூலையோடு முடிந்துவிடும்! 'பந்த்'தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு டப்பாவில் அடைத்த மாங்கூழ்தான்.

கையில் என்ன வேண்டும்?

எல்லையில் பஸ் நின்றால் பதறவேண்டாம். ஊருக்குப் போனில் தகவல் சொல்லிவிடுங்கள். அடையாள அட்டை, மருந்து, குழந்தைக்குப் பால் இவை கைப்பையில் இருக்கட்டும். வதந்தியை நம்பி நடக்க ஆரம்பிக்காமல் போலீசாரைக் கேளுங்கள். ஜூஜூவாடியிலிருந்து ஓசூர் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டால் சேலம், கிருஷ்ணகிரி, தர்மபுரி எங்கும் போகலாம். 'பந்த்' பெரும்பாலும் காலை 6 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணிக்கு முடியும். அதற்குள் கோவிலையும் கடைத்தெருவையும் பார்த்துவிட்டு, ஒரு முழம் பூவும் வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்தில் வந்து நின்றால் போதும்.